வீடியோவைப் பதிவு செய்தால் டாவின்சி போர்டு ரீசெட் ஆகிறது, படத்தின் அடியில் பச்சைப் பட்டை வேறு

காசிமேடு_கேமரா:

எல்லோருக்கும் வணக்கம். காசிமேட்டில் சிறிய கடை, சிசிடிவி மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும்தான் பிழைப்பு. மீன் ஏலம் விடுகிற இடத்திலும் ஐஸ் கம்பெனிகளிலும் இன்னும் பழைய அனலாக் கேமராக்களை வைத்தே ஓட்டுகிறார்கள். அந்தச் சிக்னலை எடுத்து எச்.264 என்கிற சுருக்கிய டிஜிட்டல் வீடியோவாக மாற்றி நானே ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஒரு ஆசை. கல்லூரி லேப் ஒன்றைக் காலி செய்தபோது ஸ்கிராப் எடுத்த நண்பர், வீடியோ வேலைக்கென்றே வந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் டாவின்சி டிஎம்6446 டெவலப்மென்ட் போர்டு ஒன்றை என்னிடம் தள்ளிவிட்டார். ஹார்ட் டிஸ்கோடு வந்தது. ஒரிஜினல் அடாப்டர் மட்டும் இல்லை.

இரண்டு வாரமாக மல்லுக்கட்டுகிறேன், மூன்று தொல்லைகள்.

ஒன்று, பத்து முறை ஆன் செய்தால் மூன்று முறை, கம்ப்யூட்டரோடு இணைத்த சீரியல் ஒயரில் பூட்மீ, பூட்மீ என்று மட்டும் வரிசையாக வந்துகொண்டே இருக்கிறது, வேறு எதுவும் வருவதில்லை. அணைத்துப் போட்டால் சில சமயம் சரியாகிவிடும்.

இரண்டு, கேமரா படம் டிவியில் வருகிறது, ஆனால் அடியில் பளிச்சென்று ஒரு பச்சைப் பட்டை. ஸ்கேல் வைத்து அளந்தே பார்த்துவிட்டேன், படத்தின் உயரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு.

மூன்றாவதுதான் உயிரை எடுக்கிறது. படத்தை டிவியில் காட்டும்வரை எவ்வளவு நேரமானாலும் ஓடுகிறது. என்கோட் செய்து ஹார்ட் டிஸ்கில் எழுதச் சொன்னால் ஐந்தாறு நொடியில் டிஸ்கிலிருந்து டிக் என்று ஒரு சத்தம், அப்புறம் லினக்ஸை ஏற்றிவிடுகிற யூ-பூட் புரோகிராம் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. மூன்று முறை லினக்ஸ் கர்னலை மாற்றிப் போட்டுவிட்டேன், பலனில்லை. சிப் போய்விட்டதா? டிஸ்க் போய்விட்டதா?

வியாசை_வயர்:

ப்ரோ, 2005 காலத்துச் சரக்கை வைத்துக்கொண்டு ஏன் இந்தப் பாடு? ஒரு ராஸ்பெர்ரி பை வாங்கிப் போட்டுவிட்டுப் போங்கள். ஒரே மாலையில் வேலை முடிந்துவிடும்.

பெரம்பூர்_லோகோ:

வயர் தம்பி, பை வாங்கச் சொல்வது சுலபம். அதில் கேமராவின் பிஎன்சி ஒயரை எங்கே செருகுவார்? அனலாக் வீடியோ உள்ளே போக வழி கிடையாது, அதற்கு ஒரு கேப்சர் டாங்கிள் வேண்டும். அதுவும் புதிதாகத்தான் வாங்குவேன் என்று பை 5 வாங்கினால் அதில் எச்.264 என்கோடர் வன்பொருளாக இல்லவே இல்லை, பை 4 வரைதான். டாவின்சியில் டிவிபி5146 என்று ஒரு டிகோடர் சிப் இந்த வேலைக்கென்றே உட்கார்ந்திருக்கிறது, ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்கிறவரைக் கலைக்காதீர்கள்.

காசிமேடு அண்ணா, மூன்றும் ஒரே நோயின் அறிகுறிகள் என்று நினைத்துக்கொண்டு கர்னலைப் போட்டு உருட்டியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூன்றுக்கும் காரணம் வெவ்வேறாக இருக்கலாம், தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள்.

பச்சைப் பட்டையை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நீங்கள் அளந்து பார்த்ததிலேயே பதில் இருக்கிறது. நம் ஊர் பால் முறையில் படத்துக்கு 576 கோடு, அமெரிக்காவின் என்டிஎஸ்சியில் 480. வித்தியாசம் 96, அதாவது 576இல் சரியாக ஆறில் ஒரு பங்கு. டிவிக்கு 576 கோடு போகிறது, கேமராவிலிருந்து 480தான் எடுக்கப்படுகிறது, மிச்சம் 96 கோட்டுக்கான நினைவகத்தில் வெறும் சுழியம் இருக்கிறது. சுழியம் என்றால் கருப்பாகத்தானே தெரிய வேண்டும் என்று கேட்பீர்கள். ஆர்ஜிபியில் அப்படித்தான். இந்த போர்டில் படம் இருப்பது வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாக வைக்கிற ஒய்யூவி வடிவில், அதில் நிறம் இல்லை என்பதற்கு எண் 128. அந்த இடத்தில் 0 இருந்தால் அது அடர்ந்த பச்சையாக விழும். இந்தத் துறையில் பச்சையைப் பார்த்தால், நினைவகத்தின் அந்தப் பகுதியில் யாரும் எதுவும் எழுதவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். நான் முதல் முறை பார்த்தபோது டிவி பிக்சர் டியூப் போய்விட்டது என்று நினைத்து, வீட்டில் திட்டு வாங்கியதுதான் மிச்சம்.

கேப்சர் புரோகிராம் நீங்களே எழுதியதா, எங்காவது எடுத்ததா? அதில் 480 என்று எங்கேயோ அடித்து வைத்திருப்பார்கள், தேடுங்கள். யூ-பூட்டில் பிரின்ட்என்வி கொடுத்து வீடியோஎஸ்டிடி என்ற மாறியில் என்ன இருக்கிறது என்றும் பாருங்கள்.

பூட்மீ பற்றிப் பயப்படவே வேண்டாம், அது நல்ல செய்தி. அந்தச் சொல்லை அனுப்புவது யூ-பூட் அல்ல, சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கிற ரோம் பூட்லோடர். சிப் உயிரோடு இருக்கிறது, சீரியல் ஒயர் சரி, வேகம் 115200 சரி, எல்லாம் அந்த ஒரு சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது. போர்டின் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து எடுக்காமல் சீரியல் வழியாக யாராவது பூட் கோடு அனுப்புவார்கள் என்று அது காத்திருக்கிறது, அவ்வளவுதான். எங்கிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை இரண்டு பின்களின் நிலையை வைத்து சிப் முடிவு செய்கிறது, அதை ரீசெட் ஆகிற கணத்தில் ஒரே முறைதான் பார்க்கும். அந்தப் பின்களின் நிலையை அமைக்கிற குட்டி டிப் சுவிட்ச் சரியாகத் தொடவில்லை என்றால் ஒரு நாள் ஒரு மாதிரியும் மறுநாள் வேறு மாதிரியும்தான் நடக்கும். கரண்டை அணைத்துவிட்டு ஒவ்வொரு சுவிட்சையும் இருபது முறை மேலும் கீழும் தள்ளுங்கள்.

ரீசெட் பற்றி ஒரு கேள்வி. யூ-பூட் திரும்ப வருவதற்கு முன்னால் சீரியலில் ஊப்ஸ், பேனிக் என்று கர்னலின் பிழைச் செய்தி ஏதாவது வருகிறதா, இல்லை வாக்கியத்தின் நடுவிலேயே அறுந்து போகிறதா? இன்னொன்று, யூ-பூட் லினக்ஸுக்குக் கொடுக்கிற பூட்ஆர்க்ஸ் வரியில் மெம், அதாவது நினைவக அளவு, எவ்வளவு கொடுத்திருக்கிறீர்கள்?

காசிமேடு_கேமரா:

அண்ணா, ரொம்ப நன்றி. 480 விஷயம் அப்படியே சரி! கேப்சர் புரோகிராம் அமெரிக்க உதாரணம் ஒன்றைப் பார்த்து எழுதியது, அகலம் 720 உயரம் 480 என்று நானே என் கையால் அடித்து வைத்திருக்கிறேன். 576 ஆக்கி, ஸ்டாண்டர்டையும் பால் என்று சொன்னவுடன் பட்டை போய்விட்டது. டிவியில் பால் வர வேண்டும் என்று முதல் நாளே யூ-பூட்டில் மாற்றியவன், கேமரா பக்கத்தை அப்படியே விட்டிருக்கிறேன்.

ரீசெட்டுக்கு முன் ஒரு எழுத்துகூட வருவதில்லை. பாதி வார்த்தையில் நின்று, அடுத்த வரி யூ-பூட். மெம் 120 எம்பி என்றுதான் இருக்கிறது, அதை நான் தொடவில்லை. சந்தேகத்துக்கு 256 ஆக்கிப் பார்க்கலாமா? போர்டில் 256 எம்பி இருக்கிறதே, 120 மட்டும் கொடுத்திருப்பது வீண்தானே?

எண்ணூர்_சால்டர்:

ஐயோ, 256 ஆக்கிவிடாதீர்கள்! அந்த 256ஐ பங்காளிகள் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். முதல் 120 எம்பி, சிப்பின் ஆர்ம் பிராசஸரில் ஓடுகிற லினக்ஸுக்கு. அடுத்த 8 எம்பி சீமெம், வீடியோ பஃபர்கள் துண்டுபடாமல் தொடர்ச்சியாகக் கிடைப்பதற்காக ஒதுக்கிய இடம். அதற்கு மேலே இருப்பது, அதே சிப்பில் என்கோட் வேலையைப் பார்க்கிற டிஎஸ்பி பிராசஸரின் சொத்து. மெம் அளவைக் கூட்டினால் லினக்ஸ் அடுத்தவன் வீட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். சீமெம் மாட்யூல் ஏறவே மறுக்கும், இல்லாவிட்டால் படம் குப்பையாக வரும்.

ஒரு எழுத்தும் வராமல் ரீசெட் என்றால் என் ஓட்டு கரண்டுக்குத்தான். கர்னல் தடுக்கி விழுந்தால் விழுந்த இடத்தைப் புலம்பிவிட்டுத்தான் சாகும். சொல்லாமல் கொள்ளாமல் செத்தால் யாரோ கழுத்தைப் பிடித்திருக்கிறார்கள். சிஸ்டம் உறைந்துவிட்டால் தானே ரீசெட் செய்கிற வாட்ச்டாக் டைமரும் அப்படிச் செய்யும், ஆனால் அதற்கு டிஸ்கில் டிக் சத்தம் வராது. நீங்கள் சொன்ன அந்த டிக்தான் ஆதாரம். 2.5 அங்குல டிஸ்குக்கு 5 வோல்ட்டில் 5 சதவீதம்தான் சலுகை, அதாவது 4.75க்குக் கீழே போனால் தலையை ஓரத்தில் நிறுத்திக்கொள்ளப் பார்க்கும். படம் காட்டும்போது டிஎஸ்பி சும்மா இருக்கிறது, டிஸ்கும் சும்மா இருக்கிறது. என்கோட் என்றதும் டிஎஸ்பி 594 மெகாஹெர்ட்ஸில் முழு வேலையில் இறங்குகிறது, அதே நேரம் டிஸ்கும் எழுதுகிறது. இரண்டும் சேர்ந்து இழுக்கும்போது உங்கள் சப்ளை குனிகிறது.

அடாப்டர் எங்கே வாங்கினீர்கள்? மேலே 3 ஆம்பியர் என்று ஸ்டிக்கர் இருந்தால் அதை நம்ப வேண்டாம், ஸ்டிக்கர் அச்சடிக்க எவ்வளவு ஆகும்? ஆனால் அடாப்டரை மாற்றுவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். என்கோட் ஓடும்போது மீட்டரை மூன்று இடத்தில் வைக்க வேண்டும். முதலில் அடாப்டர் ஒயரின் பிளக் முனையில், ஊசி குத்தியாவது. இரண்டாவது போர்டில் டிசி ஜாக்கின் காலில், ஈயத்தின் மேல். மூன்றாவதுதான் முக்கியம், மீட்டரின் கருப்பு ஒயரை பிளக்கின் வெளி உலோகத்தில், சிவப்பை போர்டின் கிரவுண்டில் வைத்துப் பாருங்கள். அங்கே கிட்டத்தட்ட பூஜ்யம் வர வேண்டும். 0.2, 0.3 என்று வந்தால் திருடன் அங்கேதான் இருக்கிறான்.

அப்புறம் நீங்கள் இருப்பது காசிமேடு. நான் எண்ணூர். நம் இருவர் காற்றிலும் உப்பு. என் கடையில் புது யூஎஸ்பி கேபிள்கூட ஒரு மழைக்காலம் தாண்டினால் பச்சை பூத்துவிடும். அந்த போர்டு எத்தனை வருடம் எந்த லேபில் தூங்கியதோ, ஜாக்கின் உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள்.

வியாசை_வயர்:

சரி சரி, பையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஒரு சந்தேகம், மீட்டரில் 4.8 காட்டியும் ரீசெட் ஆனால்?

எண்ணூர்_சால்டர்:

நல்ல கேள்வி. சாதாரண மீட்டர் காட்டுவது சராசரி. மில்லிசெகண்டுக்கு விழுந்து எழுந்தால் அதற்குத் தெரியாது. குறைந்த அளவைப் பிடித்துக் காட்டுகிற மினிமம் ஹோல்டு இருக்கிற மீட்டர் ஓரளவு உதவும், ஆசிலோஸ்கோப் இருந்தால் அதுதான் ராஜா. இல்லாதவன் டிஸ்கைத் தனி 5 வோல்ட்டில் ஓட்டிப் பார்க்கலாம், கிரவுண்டை மட்டும் சேர்த்துக்கொண்டு. ரீசெட் நின்றால் சப்ளைதான் என்று உறுதி.

காசிமேடு_கேமரா:

சால்டர் அண்ணா, உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும். நேற்று இரவு கடையை மூடிவிட்டு அளந்தேன். அடாப்டர் முனையில் சும்மா இருக்கும்போது 5.06, என்கோட் ஓடும்போது 4.98. அது நல்ல அடாப்டர்தான், பாவம், நான்கு நாளாக அதைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். போர்டின் ஜாக் காலில் அளந்தால் என்கோட் தொடங்கியதும் 4.4, உடனே டிக், உடனே யூ-பூட். கிரவுண்டுக்கும் பிளக் வெளி உலோகத்துக்கும் நடுவே 0.5க்கு மேல் காட்டியது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஜாக்கின் உள்ளே பக்கவாட்டு ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு, வெண்கலப் பானையில் புளி போட்டுத் தேய்க்காமல் விட்ட மாதிரி!

ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போட்டுத் தேய்த்துப் பார்த்தேன், கொஞ்சம் தேறியது, ஆனால் ஸ்பிரிங்கே தளர்ந்திருக்கிறது. காலையில் திருவொற்றியூரில் ஒரு வேலை இருந்தது, அங்கிருந்து மெட்ரோவில் அரசினர் தோட்டம் இறங்கி ரிச்சி ஸ்ட்ரீட் போய் ஜாக் வாங்கி வந்தேன். கடைக்காரர் உள்துளை 2.1ஆ 2.5ஆ என்று கேட்டார். வெளியே இரண்டும் 5.5 மில்லிமீட்டர் என்பதால் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கின்றன, நல்லவேளை பழைய ஜாக்கைக் கழற்றி ஜேபியில் வைத்திருந்தேன். மாற்றியாகிவிட்டது. இப்போது என்கோட் ஓடும்போது போர்டில் 4.93. நாற்பது நிமிடமாக எழுதிக்கொண்டே இருக்கிறது, டிக் இல்லை.

டிப் சுவிட்சையும் லோகோ அண்ணா சொன்னபடி தள்ளினேன், பூட்மீ இன்று ஒரு முறைகூட வரவில்லை.

பெரம்பூர்_லோகோ:

அருமை. அந்த சுவிட்ச் இன்று சரி, அடுத்த ஐப்பசி மழையில் திரும்ப வரலாம். பூட் நிலையை நீங்கள் இனி மாற்றப் போவதில்லை என்றால் சுவிட்ச் காலுக்குப் பின்னால் ஒரு சின்ன ஒயரை ஈயம் வைத்துப் பற்றவைத்து நிரந்தரமாக்கிவிடுங்கள்.

இன்னொன்று, இதைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த ஹார்ட் டிஸ்கில் இருக்கும் மான்டாவிஸ்டா லினக்ஸ், 2.6.10 கர்னல், டெமோ, கோடெக் எல்லாவற்றையும் முழுதாக ஒரு இமேஜ் எடுத்து வையுங்கள். இத்தனை நாள் 4.4 வோல்ட்டில் தலையை இழுத்து இழுத்து விட்டிருக்கிறது, அதன் ஆயுளுக்கு யாரும் பொறுப்பில்லை. டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் பழைய எம்பெடெட் விக்கியையும் 2021இல் மூடிவிட்டார்கள், முன்பு மாதிரி தேடினால் கிடைக்கும் என்று இருக்க முடியாது.

காசிமேடு_கேமரா:

எடுக்க வேண்டும் அண்ணா, ஆனால் இது 44 பின் பழைய ஐடிஇ டிஸ்க். என்னிடம் இருப்பதெல்லாம் சாட்டா கன்வெர்ட்டர்தான்.

எண்ணூர்_சால்டர்:

என்னிடம் ஐடிஇ யூஎஸ்பி கன்வெர்ட்டர் ஒன்று தூசி படிந்து கிடக்கிறது. சனிக்கிழமை ராயபுரம் வருகிறேன், கொடுத்துவிட்டுப் போகிறேன். அதுவரைக்கும் எழுதுகிற டெஸ்ட் எல்லாம் வேண்டாம், டிஸ்கைக் கழற்றி வையுங்கள். வரும்போது நல்ல வஞ்சிரம் வந்திருந்தால் சொல்லுங்கள், கணக்கு சரியாகிவிடும்.