சோஃபக்ளீஸின் 'அயாக்ஸ்': நாயகன் அயாக்ஸா, ஒடிசியஸா?

கடலோடி:
பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபக்ளீஸின் 'அயாக்ஸ்' நாடகத்தை மறுபடியும் படித்தேன். கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ட்ராய் போரில் கிரேக்கர்களின் தலைசிறந்த வீரன் அக்கிலீஸ் இறந்தபின் அவனுடைய போர்க்கவசம் இன்னொரு கிரேக்கத் தலைவனான ஒடிசியஸுக்குக் கொடுக்கப்படுகிறது. அது தனக்கு வரவேண்டியது என்று கொதித்த அயாக்ஸ், இரவில் கிரேக்கத் தலைவர்களைக் கொல்லக் கிளம்புகிறான். அத்தீனா என்ற பெண்தெய்வம் அவன் புத்தியைக் கலக்கிவிடுகிறாள். எதிரிகள் என்று நினைத்து ஆடுமாடுகளையும் மேய்ப்பர்களையும் வெட்டித் தள்ளுகிறான். தெளிந்ததும் அவமானம் தாங்காமல் வாள்மேல் விழுந்து சாகிறான்.

சொந்தப் படையின் தலைவர்களை இருட்டில் கொல்லப் போனவனை எப்படி நாயகன் என்பது? ஒடிசியஸைப் பாருங்கள். எதிரியைப் பார்த்துச் சிரிப்பதைவிட இனிய சிரிப்பு உண்டா என்று அத்தீனாவே கேட்கிறாள். அவன் சிரிக்கவில்லை. எதிரியானாலும் இவனுக்காக இரங்குகிறேன், இவன் நிலையில் என் நிலையையும் பார்க்கிறேன் என்கிறான். என் ஓட்டு ஒடிசியஸுக்குத்தான்.

ஏழுதோல்கேடயம்:
நாயகன் என்றால் நல்லவனாக இருக்க வேண்டும் என்ற நம் காலத்து அளவுகோலோடு வருகிறீர்கள், கடலோடி. கிரேக்கர்களுக்கு நாயகன் என்பவன் செத்தபின்னும் சக்தி குறையாதவன். அவனுக்குப் பலி கொடுத்தார்கள், அவன் கோபத்துக்குப் பயந்தார்கள், ஆபத்தில் அவனைத்தான் கூப்பிட்டார்கள். கி.மு. 480இல் சலாமிஸ் தீவருகே பாரசீகர்களோடு நடந்த கடற்போருக்கு முன் கிரேக்கர்கள் அயாக்ஸையும் அவன் தந்தை டெலமோனையும் துணைக்கு அழைத்ததாக வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதுகிறார். வென்றபின், பாரசீகர் பக்கம் போரிட்ட ஃபினீசியர்களிடம் பிடித்த போர்க்கப்பல்களில் ஒன்றை அந்தத் தீவிலேயே அயாக்ஸுக்குக் காணிக்கையாக வைத்தார்கள். அது அவனுடைய சொந்த ஊர். அதற்கும் முன்பே, ஏதென்ஸ் அரசியல் தலைவர் கிளைஸ்தெனீஸ் அந்நகர மக்களைப் பத்துக் குலங்களாகப் பிரித்தபோது ஒரு குலம் அவன் பெயரைப் பெற்றது. நாடகம் பார்க்க வந்த கூட்டத்தில் அந்தக் குலத்தார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மறந்துவிட்டு இதைப் படிக்க முடியாது.

ட்ராய் போரைப் பாடும் ஹோமரின் காவியம் இலியட்டையும் பாருங்கள். 15ஆம் காண்டத்தில் ட்ரோஜன்கள் தீயோடு கப்பல்வரை வந்துவிட்டார்கள். அக்கிலீஸ் கோபித்துக்கொண்டு கூடாரத்தில் இருக்கிறான். நீண்ட ஈட்டியோடு கப்பலுக்குக் கப்பல் தாவி அவர்களைத் தடுப்பவன் அயாக்ஸ். மற்ற பெருவீரர்களுக்கு ஆளுக்கொரு தெய்வம் கைகொடுக்கிறது, இவனுக்கு இல்லை. இவ்வளவு செய்தவனுக்குக் கவசம் இல்லை என்றால் கோபம் வராதா?

கடலோடி:
கோபம் வரலாம். தெய்வம் கைகொடுக்கவில்லை என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சோஃபக்ளீஸின் நாடகத்தில் அவனே அந்தத் துணையை வேண்டாம் என்கிறான். தெய்வத் துணையோடு வெல் என்று தந்தை சொல்லி அனுப்ப, தெய்வம் கூட இருந்தால் ஒன்றுக்கும் ஆகாதவனும் வெல்வான், நான் தனியாகவே வெல்வேன் என்கிறான். போர்க்களத்தில் உதவ வந்த அத்தீனாவையும் மற்றவர்கள் பக்கம் போகச் சொல்கிறான்.

மாலைவாசகி:
இரண்டு பேரும் டெக்மெஸ்ஸாவை மறந்துவிட்டீர்கள். அவள் ஊரை அழித்து அவளைச் சிறைபிடித்தவன் அயாக்ஸ். அவனைத் தவிர அவளுக்கு யாரும் இல்லை. நீ செத்தால் நானும் பிள்ளையும் அடிமைகளாவோம் என்று கெஞ்சுகிறாள். இலியட்டின் 6ஆம் காண்டத்தில் ஆண்ட்ரமாக்கி தன் கணவனும் ட்ரோஜன்களின் பெருவீரனுமான ஹெக்டரிடம் பேசும் இடத்தை சோஃபக்ளீஸ் மனதில் வைத்துத்தான் எழுதியிருக்கிறார். ஹெக்டர் மனைவியின் கண்ணீரைப் பார்த்துக் கலங்குகிறான். அயாக்ஸோ, பெண்களுக்கு மௌனமே அணி என்று முன்பே அவள் வாயை அடைத்தவன். கடைசியில் விழுந்து சாகும் வாளும் ஹெக்டர் பரிசாகக் கொடுத்த வாள். அந்த வாளை எடுத்தவனுக்கு ஹெக்டரின் மனம் இருந்திருக்கக் கூடாதா?

ஏழுதோல்கேடயம்:
மாலைவாசகி, அந்தக் கொடுமையை நான் மறுக்கவே மாட்டேன். ஆனால் சாவதற்கு முன் அவன் பேசும் நீண்ட உரையில், இவளை எதிரிகள் நடுவே விதவையாக விட்டுப் போக இரக்கமாக இருக்கிறது என்கிறான். அந்த உரை முழுவதும் ஏமாற்று என்பவர்கள் உண்டு. அந்த இரக்கம் உண்மை என்றே நான் படிக்கிறேன்.

கடலோடி சொல்லும் ஒடிசியஸுக்கு வருகிறேன். அயாக்ஸின் பிணத்தைப் புதைக்கக் கூடாது என்று கிரேக்கப் படைத்தலைவன் அகமெம்னான் அடம்பிடிக்கும்போது ஒடிசியஸ் வாதாடுகிறான், சரி. எனக்கும் ஒருநாள் இந்தத் தேவை வரும் என்கிறான். எல்லோரும் அவரவருக்காகத்தான் உழைக்கிறார்கள் என்று அகமெம்னான் சொல்ல, வேறு யாருக்காக உழைப்பது என்று திருப்பிக் கேட்கிறான். இது கணக்குப் பார்க்கிற இரக்கம்.

கடலோடி:
அகமெம்னானிடம் வேறு எந்த மொழியில் பேசினால் எடுபடும்? தனக்கும் சாவு வரும் என்று நினைக்கத் தெரிந்தவன் அந்தக் கூடாரங்களில் அவன் ஒருவன்தான். அயாக்ஸின் தம்பி டியூசர் அதுவரை அவனை எதிரியாகப் பார்த்தவன். அவனே ஒடிசியஸை மனதாரப் புகழ்கிறான்.

ஏழுதோல்கேடயம்:
புகழ்ந்துவிட்டு, உடலில் கைவைக்க விடவில்லை. செத்தவனுக்குப் பிடிக்காது என்கிறான். ஹோமரின் இன்னொரு காவியமான ஒடிசியின் 11ஆம் காண்டத்தில் பாதாளத்தில் ஒடிசியஸ் அவ்வளவு பணிவாகப் பேசியும் அயாக்ஸ் பதில் சொல்லாமல் திரும்பிப் போகிறான். சமாதானத்தை ஒடிசியஸ் இரண்டு இடத்திலும் நீட்டுகிறான், இரண்டு இடத்திலும் அதை ஏற்கிறானா இல்லையா என்பது அயாக்ஸின் கையில்தான் இருக்கிறது. நாடகத்துக்கு அவன் பெயரை வைத்தது அதனால்தான் பொருத்தம் என்பேன்.