டேவ் பிராண்டன் செய்த மாற்றங்களில் எதை வைத்துக்கொள்ளலாம்?

மஞ்சள்நீலம்:
மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறை இயக்குநராக 2010 முதல் 2014 வரை இருந்தவர் டேவ் பிராண்டன். டாமினோஸ் பீட்சாவின் தலைமை நிர்வாகியாக இருந்துவிட்டு வந்தவர். டிக்கெட் விலை, தலையில் அடிபட்டுத் தள்ளாடிய அமெரிக்க ஃபுட்பால் வீரர் ஷேன் மோரிஸை ஆட்டத்தில் விட்டுவைத்த விவகாரம், ரசிகர்களுக்கு அவர் அனுப்பிய கடுகடுப்பான மின்னஞ்சல்கள் எல்லாம் சேர்ந்து 2014 அக்டோபர் 31 அன்று பதவி விலகவைத்தன. அந்தக் கோபம் நியாயமானது. அதற்காக அவர் செய்த எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. லக்ராஸ் (வலை வைத்த கோலால் பந்தாடும் விளையாட்டு), இரவு ஃபுட்பால் ஆட்டங்கள், பழைய நட்சத்திரங்களின் எண்களை இப்போதைய வீரர்களுக்கு அணியத் தரும் லெஜண்ட்ஸ் ஜெர்ஸி ஆகிய மூன்றையும் நான் வைத்துக்கொள்வேன்.

பழையவரிசை:
லக்ராஸ் சரி. ஜெர்ஸி கூடவே கூடாது. டாம் ஹார்மனின் 98, ஜெரால்ட் ஃபோர்டின் 48, ரான் கிராமரின் 87, பென்னி ஊஸ்டர்பானின் 47, விஸ்டர்ட் சகோதரர்கள் மூவரும் அணிந்த 11. இவற்றை இனி யாருக்கும் தருவதில்லை என்று பல்கலைக்கழகம் முடிவு செய்து வைத்திருந்தது. அது அந்தக் குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்கு. பிராண்டன் சட்டையில் பழைய வீரரின் பெயர் தாங்கிய ஒரு சிறு துணிச் சின்னத்தைத் தைத்து, அந்த எண்களை மறுபடி புழக்கத்துக்கு விட்டார். 2015இல், பிராண்டனுக்குப் பின் வந்த இயக்குநர் ஜிம் ஹேக்கெட் அவற்றை மீண்டும் எடுத்து வைத்ததுதான் முறை.

மஞ்சள்நீலம்:
அண்ணா, எடுத்து வைத்த எண்ணை யார் பார்க்கிறார்கள்? 2013இல் டெவின் கார்ட்னர் 98 அணிந்து களமிறங்கிய பிறகுதான், ஹார்மன் 1940இல் ஆண்டின் சிறந்த கல்லூரி ஃபுட்பால் வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கியவர் என்று எனக்குத் தெரிந்த மாணவர்கள் பலர் தெரிந்துகொண்டார்கள். அதே ஆண்டு முன்னாள் நட்சத்திரம் டெஸ்மண்ட் ஹவர்டின் 21ஐ அணிந்த ஜெரமி கேலன், இண்டியானாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் பந்தைப் பிடித்து 369 கெஜம் எடுத்து, மிச்சிகன் ஆடும் பல்கலைக்கழகக் கூட்டமைப்பான பிக் டென்னில் சாதனை படைத்தார். அந்தப் பழைய எண்ணுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

பழையவரிசை:
அந்தக் கேலன் அதற்கு முன் 10 அணிந்தவர். கார்ட்னர் 12 அணிந்தவர். தன் எண்ணில் தனக்கென்று ஒரு பெயர் சேர்த்துக்கொண்டிருக்கும் பையனிடம், பாதியில் இன்னொருவர் எண்ணை நீட்டுகிறீர்கள். கௌரவம் என்று சொல்லிக் கொடுத்தால் எந்தப் பையன் வேண்டாம் என்பான்? ஹவர்டின் 21 வேறு, அது நிறுத்தி வைத்த எண் அல்ல. அந்த மாதிரி எண்களோடு நிறுத்தியிருந்தால் நான் எதிர்த்திருக்க மாட்டேன்.

லக்ராஸ்_அப்பா:
இரண்டு பேரும் ஃபுட்பாலை விட்டு வெளியே வாருங்கள். 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறை கிளப் அளவில் தேசியப் பட்டம் வென்றவர்கள் நம் லக்ராஸ் பையன்கள். பிராண்டன்தான் அவர்களைப் பல்கலைக்கழகத்தின் முழு அணியாக்கினார். ஆண்கள் 2012இல் ஆடத் தொடங்கினார்கள், பெண்கள் 2014இல். முதல் சில ஆண்டுகள் நன்றாக அடி வாங்கினார்கள். 2023இலும் 2024இலும் ஆண்கள் அணி பிக் டென் தொடரை வென்றது. பதவியில் இருந்தவர் போய் எத்தனையோ காலம் கழித்துப் பலன் வந்திருக்கிறது, அதனால்தான் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. அப்புறம் 2012இல் அவர் எடுத்த இரண்டு பயிற்சியாளர்களையும் பாருங்கள். எரிக் பக்கிச் பேஸ்பால் அணியை 2019இல் தேசிய இறுதிச் சுற்றுவரை கொண்டுபோனார். கிம் பார்ன்ஸ் அரிகோ பெண்கள் கூடைப்பந்து அணியை 2022இல் தேசியக் கடைசி எட்டுக்குள் கொண்டுவந்தார். டிவியில் வராத விளையாட்டுகளுக்கும் செலவு செய்யலாம் என்ற அந்த எண்ணத்தைத்தான் காப்பாற்ற வேண்டும்.

மாணவர்பகுதி:
அந்தச் செலவுக்கான பணத்தை யாரிடமிருந்து பிடுங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2013இல் மாணவர்களுக்கு இருக்கை எண்ணே இல்லாமல் செய்து, முதலில் வருபவருக்கு முதல் இடம் என்றார்கள். நண்பர்கள் சேர்ந்து உட்கார வழியில்லாமல் போனது. எதிர்ப்பு கிளம்பி அடுத்த ஆண்டே மாற்ற வேண்டியதாயிற்று. 2014இல் இரண்டு கோக் வாங்கினால் மினசோட்டா ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட் என்று விளம்பரம் வந்தது. முழு விலை கொடுத்து சீசன் டிக்கெட் வாங்கியவருக்கு அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

மஞ்சள்நீலம்:
அதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். ஆனால் தனி ஆட்ட டிக்கெட்டின் விலை தேவைக்கேற்ப ஏறி இறங்குவதில் தவறில்லை. விலையை நிலையாக வைத்தால் அந்த லாபம் மறுவிற்பனைக்காரர் பைக்குத்தான் போகும்.

மாணவர்பகுதி:
வெளியாருக்கு வேண்டுமானால் அப்படி விற்கட்டும். மாணவர் டிக்கெட்டை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இருபது வயதில் அந்த மைதானத்தில் நின்று கத்தியவர்தான் ஐம்பது வயதில் சீசன் டிக்கெட் வாங்குவார். விலையைப் பார்த்து அவர் வீட்டிலேயே டிவி பார்க்கப் பழகிவிட்டால் பிறகு யாரை வைத்து நிரப்புவீர்கள்? 1975 நவம்பரிலிருந்து ஒவ்வொரு ஆட்டத்துக்கும் லட்சம் பேருக்கு மேல் வந்த இடம் அது. கோக்குடன் சேர்த்து டிக்கெட் கொடுக்கும் நிலைக்கு அதைக் கொண்டுவந்ததே அந்த விலைதான் என்று நினைக்கிறேன்.

லக்ராஸ்_அப்பா:
அணி தோற்றுக்கொண்டிருந்ததும் ஒரு காரணம். ஆனாலும் மாணவர் விலையில் உங்கள் பக்கம்தான் நான்.

பழையவரிசை:
இரவு ஆட்டத்துக்கு வருவோம். 2011 செப்டம்பர் 10, நோட்ரே டாம் பல்கலைக்கழக அணிக்கு எதிராக நம் மைதானத்தில் முதல் முறை. 35-31 வெற்றி, 114,804 பேர். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இரவில் ஆட்டம் முடிந்து, நெரிசல் கலைந்து, தொலைவில் இருக்கும் கிராண்ட் ராபிட்ஸ் நகருக்குப் போய்ச் சேர எத்தனை மணி ஆகும்? பேரப்பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களை யாரும் கேட்பதில்லை.

மஞ்சள்நீலம்:
2013இல் இரண்டாம் முறை நோட்ரே டாம் வந்தபோது 115,109 பேர் வந்தார்கள், கல்லூரி ஃபுட்பாலில் அதுவரை இல்லாத கூட்டம். மக்கள் விரும்பித்தான் வந்தார்கள்.

பழையவரிசை:
நோட்ரே டாம் மதியம் வந்தாலும் மைதானம் நிறையும். செப்டம்பரில், பெரிய எதிரணியோடு, சீசனுக்கு ஒன்று. அதுவரை ஒத்துக்கொள்கிறேன். நவம்பர் குளிரில், தொலைக்காட்சிக்காரர் நேரத்துக்கு வேண்டாம்.

மஞ்சள்நீலம்:
நவம்பர் வேண்டாம் என்பதில் எனக்கும் சம்மதம். 98ஐ மட்டும் விட மாட்டேன்.