புதுப்பிப்பு: சி.ஆர்.பி. 11.4 – மறுபரிசோதனையில் தெரிந்தது

இடுப்புச் சுற்றளவு 98 செ.மீ., டிரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 210, வெறும் வயிற்றுச் சர்க்கரை 108 ஆகியவற்றோடு, உடலில் அழற்சியைக் காட்டும் இரத்தப் புரதமான சி.ஆர்.பி. 11.4 என வந்ததால், இரத்தக்குழாய்கள் பழுதடைந்துவிட்டனவா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அப்போது கடைவாய் ஈறு வீங்கி, ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்ததை எழுத மறந்துவிட்டேன். மருத்துவர் முதலில் கேட்டது அதைத்தான். 10-ஐத் தாண்டினால் பெரும்பாலும் தொற்றோ காயமோ காரணமாக இருக்கும் என்பதால், ஈறு ஆறி மூன்று வாரம் கழித்துப் பார்த்தோம்: 2.8.

இதுவும் நிம்மதிக்குரிய எண் அன்று. 1-க்குக் கீழே இருந்தால்தான் இதய நோய் ஆபத்து குறைவு. வயிற்றுக் கொழுப்பிலிருந்து சுரக்கும் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் புரதம் கல்லீரலைத் தூண்டி சி.ஆர்.பி.யை உண்டாக்குகிறது, இந்த நீடித்த அழற்சியில், குழாயின் உட்சுவர் தரும் நைட்ரிக் ஆக்சைடு குறைந்து, குழாய் தளர்ந்து விரியும் திறன் மங்குகிறது. அழற்சி வெறும் அடையாளம் அன்று என்பதற்கு 2017-இல் வெளியான கேண்டோஸ் ஆய்வே சான்று: கெட்ட கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த கனகினுமாப் என்ற மருந்து, மாரடைப்பு வந்தவர்களிடம் மறு பாதிப்பைக் குறைத்தது, ஆனால் உயிர்போக்கும் தொற்றுகள் கூடின.

எனக்கு அத்தகைய மருந்து தேவையில்லை என்றார் மருத்துவர். தினமும் 40 நிமிடம் நடக்கிறேன். இடுப்பு இப்போது 96.