மறு: இடக்கை ஆட்டக்காரரிடம் தடுமாறும் எறிஞன் – ஒரு சொல் வேண்டும்

பட்டர்வொர்த்திலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பள்ளி மன்றத்துக்குத் தமிழில் பேஸ்பால் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். வலக்கையால் எறியும் ஒரு பையனின் பலம், பலவீனம் பற்றிய பக்கத்தில் நிற்கிறேன். அவனுக்கு வேகப்பந்தும், கடைசியில் பக்கவாட்டில் வளையும் ஸ்லைடரும் நன்றாக வரும். வலக்கை ஆட்டக்காரருக்கு அந்த ஸ்லைடர் மட்டையை விட்டு விலகி ஓடுகிறது, துழாவி ஏமாறுகிறார்கள். இடக்கைக்காரருக்கோ அதே பந்து உள்ளே வளைந்து மட்டைக்கே வருகிறது. அவன் கையை விட்டுப் புறப்படும்போதே அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்தும் விடுகிறது. வேகம் குறைந்து வெளியே நழுவும் ‘சேஞ்சப்’ பந்தைப் பழகினால் சமாளிக்கலாம். இந்த வேறுபாட்டைப் ‘பிளாட்டூன் ஸ்ப்ளிட்’ என்கிறார்கள். ‘கைமாற்று வேறுபாடு’ சரியா?

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
டீச்சர், கைமாற்று என்றால் கடன். பிளாட்டூன் என்பது படைப்பிரிவு. அதற்கு நம்மிடமே பெயர் உண்டு. தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் ‘வலங்கைப் பழம்படைகளிலார்’ என்ற படைப்பிரிவினர் வருகிறார்கள். ‘வலங்கை இடங்கை வேறுபாடு’ என்று எழுதுங்கள். வலக்கை, வலங்கை இரண்டுக்கும் நன்னூல் 219 இடம் தருகிறது. இருபுறமும் நின்று ஆடுபவரைச் ‘சவ்வியசாசி’ என்றே சொல்லலாம், அர்ச்சுனன் பெயர்.

செந்தூலிலிருந்து:
ஐயா, வலங்கை இடங்கை என்றால் சாதிப் பூசல்தான் நினைவுக்கு வரும். 1707இல் மதராசில் தெருவுக்காக மோதிக்கொண்டவர்கள் அவர்கள். பிள்ளைகள் கையேட்டில் அது வேண்டவே வேண்டாம். சவ்வியசாசி வடசொல், ‘இருகை ஆட்டக்காரர்’ போதும். ‘எறிஞர்’ நல்ல சொல், அதை யாரும் மாற்றாதீர்கள். 775ஆம் குறளில் வேலை எறிகிறார்கள், வீசவில்லை. குறி பார்த்து விடுவதே எறிதல். வீச்சாளர் என்றால் பிள்ளைகள் கிரிக்கெட் என்றே எண்ணுவார்கள்.

ஜார்ஜ்டவுனிலிருந்து:
குறள் இருக்கட்டும் அண்ணே, திடலில் பிள்ளைகள் ‘பிட்சர்’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிளாட்டூனையும் அப்படியே விடலாம். தமிழில்தான் வேண்டுமென்றால் ‘கைப்பொருத்தம்’. பொருத்தம் பார்ப்பது எந்த வீட்டுக்கும் தெரியும். எறிபவனும் அடிப்பவனும் ஒரே கை என்றால் எறிபவனுக்குப் பொருத்தம், மாறுகை என்றால் அடிப்பவனுக்கு. இது பயிற்சிக்கும் தேவையான சொல். அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் 2020 முதல், இன்னிங்ஸ் முடிந்தால் ஒழிய, ஓர் எறிஞர் மூன்று பேரையாவது எதிர்கொள்ள வேண்டும். ஒரே ஓர் இடக்கைக்காரருக்காக ஆளை மாற்றும் பழைய வழி அங்கே அடைபட்டுவிட்டது. அந்தப் பையன் சேஞ்சப்பை இப்போதே பழகட்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து:
நன்றி. தனிமடலில் எழுதியவர்களில் பெரும்பாலோர் கைப்பொருத்தம் பக்கம். அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன், எறிஞரும் இருப்பார்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து:
எனக்கு உடன்பாடில்லை, பதிந்து வையுங்கள். கைப்பொருத்தம் காரணத்தைச் சொல்கிறது. வலக்கைக்காரரிடம் எத்தனை அடி வாங்கினான், இடக்கைக்காரரிடம் எத்தனை என்று அட்டவணை போடும்போது, நடுவே விழும் இடைவெளிக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.