ரேடியேட்டர் ஹோஸ் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்த அனுபவம் யாருக்கெல்லாம்?

அரை ஸ்பேனர்:
எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) ஓடும் ரப்பர் குழாய்தான் ஹோஸ். தெர்மோஸ்டாட் (சூட்டுக்கேற்ப அந்த ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு) மாற்றுவதற்காகக் கழற்றிய மேல் ஹோஸ். எஞ்சின் பக்கம் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. ரேடியேட்டர் பக்கம்தான் வம்பு. ஹோஸ் மாட்டுகிற குழாய்க் கழுத்தின் நுனியில் ஒரு மேடு சுற்றி ஓடுமே, அதுவரைக்கும் வருகிறது, அதற்கு மேல் ஒரு நூல் நகரவில்லை. கையெல்லாம் கூலன்ட், பிடி வழுக்குகிறது. வயிற்றை முட்டுக்கொடுத்துத் தள்ளினால் ரேடியேட்டரே ரப்பர் புஷ்ஷோடு சாய்கிறது. அப்போது கழுத்து சேர்ந்திருக்கும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க் 'நறுக்'கென்று முனகியது பாருங்கள், அந்தச் சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. கடைசியில் ஹோஸ் முனையை வெந்நீரில் முக்கி, ஆறுவதற்குள் திருகித் திருகி ஏற்றினேன். ஏறிவிட்டது. விரிசல் இல்லை, சொட்டும் இல்லை. ஆனாலும் போனட்டைத் திறந்தால் கண் முதலில் அந்தக் கழுத்துக்குத்தான் போகிறது.

ராத்திரி ரிப்பேர்:
வெந்நீரெல்லாம் எதற்கு? வீல் பேரிங்குக்கு வைத்திருந்த கிரீஸை உள்ளே ஒரு சுற்று தடவினேன், வெண்ணெய் மாதிரி இறங்கியது. இன்றுவரை ஓடுகிறது.

பழைய போனட்:
ராத்திரி ரிப்பேர், தயவுசெய்து இதை யாருக்கும் சொல்லாதீர்கள். இந்த ஹோஸ்கள் பெரும்பாலும் இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர். கூலன்டைத் தாங்கும், சூட்டைத் தாங்கும், பெட்ரோலிய எண்ணெயை மட்டும் தாங்காது. ஊறி உப்பும், தளரும். உறவினர் காரில் இதைக் கண்ணால் பார்த்தேன். மேட்டுச் சாலையில் வண்டி ஏறும்போது மேல் ஹோஸ் கழன்று, போனட் இடுக்கெல்லாம் வெள்ளை ஆவி. நிறுத்தி, நன்றாக ஆறவிட்டுக் கையில் எடுத்தால் நடுப்பகுதி புதுசு போல இருக்கிறது, முனை மட்டும் கொழகொழவென்று விரலில் அப்புகிறது. ஹோஸைக் கழுத்தோடு இறுக்கிப் பிடிக்கும் வளையமான கிளாம்ப் அதன் இடத்திலேயே இறுக்கமாக இருந்தது, அதுதான் வேடிக்கை. தடவித்தான் ஆக வேண்டும் என்றால் சோப்புத் தண்ணீர், இல்லாவிட்டால் அதே கூலன்ட். சுத்தமான சிலிக்கோன் கிரீஸ் என்றாலும் சரி.

ராத்திரி ரிப்பேர்:
என் ஹோஸ் உப்பவில்லை சார். தடவியதே கொஞ்சம்தான்.

பழைய போனட்:
உப்பியது தெரிய வெளியே பார்த்தால் போதாது. வண்டி ஆறியிருக்கும்போது முனையை அழுத்திப் பாருங்கள், நடுப்பகுதியையும் அழுத்திப் பாருங்கள். வித்தியாசம் கைக்குத் தெரியும்.

கிளாம்ப் வேட்டை:
என் கதை சின்னது. ஸ்பிரிங் கிளாம்பை பிளையரால் விரித்துப் பிடித்திருந்தேன், ஹோஸ் பாதி ஏறிய நேரத்தில் பிடி நழுவியது. முகத்துக்குப் பக்கத்தில் 'விர்'ரென்று ஏதோ போனது, போனட்டில் 'டங்'. அவ்வளவுதான், கிளாம்பைக் காணோம். கண்ணாடி போட்டிருந்தேன், பிழைத்தேன்.

சொல்ல வந்தது வேறு. ஏறவில்லை என்றால் தள்ளுவதற்கு முன் கழுத்தைப் பாருங்கள். பழைய ரப்பர் ஒட்டியிருக்கும், உலோகக் கழுத்தாக இருந்தால் வெள்ளைப் பொருக்கு படிந்திருக்கும். அதைத் தேய்த்து எடுத்தாலே பாதி அடம் போய்விடும். அப்புறம் வளைவின் திசை. ஹோஸில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் அதைக் கழுத்தில் இருக்கும் குறியோடு சேர்க்க வேண்டும். கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றாலும் ஹோஸ் எதிர்த்துத் தள்ளும், நாம் கழுத்தைக் குறை சொல்வோம். கிளாம்ப் மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேலேயே இறுக்கினால் அழுத்தம் வந்ததும் நழுவிவிடும். திருகு கிளாம்பை வைத்து பிளாஸ்டிக் கழுத்தை நெரிக்காதீர்கள். ஸ்பிரிங் கிளாம்ப் சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, ரப்பரோடு கூடவே போகும், எனக்கு அதில்தான் நம்பிக்கை. பிளையரால் பிடிக்கும் அதன் காதுகள் அடுத்த தடவை பிளையர் எட்டுகிற பக்கம் இருக்கட்டும். கூலன்ட் ஊற்றியபின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். கீழே சிந்தியதைத் துடையுங்கள், கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாய் பூனை நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கீழ் ஹோஸ்:
எல்லோரும் மேல் ஹோஸ் பற்றியே பேசுகிறீர்கள், கொடுத்துவைத்தவர்கள். கீழ் ஹோஸுக்கு வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு கையால், கண்ணுக்குத் தெரியாமல் ஏற்ற வேண்டும். எனக்கு மறக்காதது, ஏறியதும் உள்ளே தேங்கியிருந்த கூலன்ட் சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரைக்கும் போன குளிர்ச்சி. அந்த நிலையிலும் கையை எடுக்க முடியாது, எடுத்தால் ஹோஸ் மறுபடி நழுவும். பழைய ஹோஸில் உள்ளே சுருள் கம்பி இருந்தால் புதியதிலும் தேவையா என்று பாருங்கள். பம்ப் இழுக்கிற பக்கம் என்பதால் ஹோஸ் சப்பிப்போகாமல் தாங்க வைத்தது அது.

அரை ஸ்பேனர், உங்கள் முனகலுக்கு ஒன்று. இந்த அமைப்பில் சூடானபின் சாதாரணமாக 1 பார் (ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம்) அளவுக்கு அழுத்தம் நிற்கும், அதனால் ஆறிய வண்டியில் பார்த்தால் நுண்விரிசல் தெரியாது. நன்றாக ஓட்டிவிட்டு வந்து, ரேடியேட்டர் மூடியைத் தொடாமல், கழுத்து டேங்கோடு சேரும் மூலையில் டார்ச் அடியுங்கள். கசிவு இருந்தால் கூலன்ட் காய்ந்து அங்கே நிறக்கறை பிடித்திருக்கும். சாவி எடுத்தபிறகும் ஃபேன் தானாகச் சுற்றும், விரலை விடாதீர்கள்.

அரை ஸ்பேனர்:
கறை எதுவும் இல்லை, இப்போதுதான் பார்த்தேன். கிளாம்ப் வேட்டை, அந்தக் கிளாம்ப் கிடைத்ததா?

கிளாம்ப் வேட்டை:
எஞ்சினுக்கு அடியில் இருக்கும் பிளாஸ்டிக் தட்டில் விழுந்திருக்க வேண்டும். இடது பக்கம் திரும்பினால் ஏதோ உருளுகிறது. அடுத்த ஆயில் மாற்றும்போது தட்டைக் கழற்றித்தானே ஆக வேண்டும்.