வெப்பக் களைப்பா, வெப்ப நைவா?

அண்ணாச்சி, வணக்கம்.

சூடாகிக் குளிர்ந்து, சூடாகிக் குளிர்ந்தே உலோகம் கீறல் விடுவதை ஆங்கிலத்தில் தெர்மல் ஃபட்டீக் என்கிறார்கள். அதற்குத் தமிழில் நீங்கள் சொன்ன ‘வெப்பக் களைப்பு’ எனக்குச் சரிப்படவில்லை. களைப்பு என்றால் ஒரு சொம்பு நீச்சத்தண்ணி குடித்துவிட்டுத் திண்ணையில் சாய்ந்தால் போய்விடும். இரும்புக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எத்தனை நாள் சும்மா போட்டுவைத்தாலும் உள்ளே விழுந்த கீறல் மூடாது.

திருநெல்வேலி பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் போன வாரம் ஒரு டை பார்த்தேன். பழுக்கக் காய்ந்த இரும்பை வைத்து அடித்து உருக்கொடுக்கிற அச்சு. எச்-13 எஃகு, குரோமியம் 5 சதவீதம். தேய்ந்த இடத்தில் ஸ்டெலைட் (கோபால்ட்டும் குரோமியமும் கலந்த, எளிதில் தேயாத உலோகம்) வைத்து வெல்டிங் ஏற்றியிருந்தார்கள். தேய்மானம் நின்றுவிட்டது, விளிம்பு கொஞ்சமும் மழுங்கவில்லை. ஆனால் முகத்தில் நகத்தை ஓட்டினால் தட்டுகிறது. குறுக்கும் நெடுக்குமாக மயிரிழைக் கோடுகள்.

வருகிற இரும்பு 1,150 டிகிரி செல்சியஸுக்கு மேல். அது பட்டதும் டையின் மேல்தோல் சட்டென்று விரியப் பார்க்கும், குளிர்ந்திருக்கிற அடிப்பகுதி விடாது. தோல் நசுங்கிக் கொடுக்கும். அடுத்த நொடியே கிராஃபைட் கலந்த தண்ணீரைப் பீய்ச்சுவார்கள். இப்போது தோல் சுருங்க வேண்டும், அதற்கும் அடி விடாது, இழுபடும். ஒவ்வொரு அடிக்கும் இதே கதை. போதாததற்கு, ஸ்டெலைட் விரிகிற அளவும் எஃகு விரிகிற அளவும் ஒன்றில்லை. அதனால் ஒட்டின இடத்திலும் பிணக்கு.

இதற்கு ‘வெப்ப நைவு’ என்று வைக்கலாம். கிணற்றில் மாடு கட்டி இறைக்கிற கமலை வடம் நைந்துபோச்சு என்போமே, அந்த நைவு. நைவு தேய்மானத்தோடு குழம்பும் என்று மதுரைத் தம்பி கேட்டது நியாயம்தான். ஆனால் வடம் உருளையில் உரசி மெலிவது தேய்மானம். வளைந்து நிமிர்ந்து, வளைந்து நிமிர்ந்து, புரி உள்ளுக்குள்ளேயே அறுவது நைவு. ‘இறுதல்’ (இற்றுப்போவது) என்கிற சொல்லும் வேண்டாம். இத்துப்போச்சு என்றால் நம் ஊரில் துருதான் ஞாபகம் வரும்.

அந்தக் கோடுகளுக்கும் ஒரு பெயர் வேண்டும். முதலில் ‘பாளவெடிப்பு’ என்று நினைத்தேன். எங்கள் ஊர் கயத்தாறு (1986 வரை நாங்களும் திருநெல்வேலி மாவட்டம்தான்). சித்திரை வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். அங்கேயும் மேல்மண் காய்ந்து சுருங்கும், ஈரமான அடிமண் விடாது. ஆனால் உருக்காலையில் பாளம் என்றால் வார்த்த உலோகக் கட்டி. பேசாமல் ‘கரிசல் வெடிப்பு’ என்றே வைத்துவிடலாமா?

வெல்டிங்கில் ஏற்றின ஸ்டெலைட் அடுக்கைப் ‘பூச்சு’ என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. பூச்சு சுவரில் உட்காரும், இது அடி எஃகோடு உருகிக் கலக்கிறது. ‘பற்று’ என்று சொல்லிப் பார்த்தேன். வெல்டிங் பையன் சிரித்துவிட்டு, “முட்டிவலிக்குப் போடுற பத்தா அண்ணே?” என்றான். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள் அண்ணாச்சி.