ஆறாம் வகுப்பில் சேர்க்கும் முன் ஊர்ப் பள்ளியைப் போய்ப் பார்த்தவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

வெட்டாறு

மகள் ஐந்தாவது முடிக்கப் போகிறாள். நர்சரிப் பள்ளி. ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தால் கல்லூரி போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாயும், டாக்டர் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீட்டு இடமும் உண்டு என்பது தெரிந்ததே. இந்த வருடத்தை விட்டால் போச்சு என்று வீட்டில் ஒரே பேச்சு. போன வாரம் எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளிக்குப் போனேன்.

பெரிய டீச்சர் நன்றாகப் பேசினார். புதுப் பெயின்ட், சுவரில் குறள், ஸ்மார்ட் கிளாஸ் திரை, கை கழுவ வரிசையாகக் குழாய், எல்லாம் காட்டினார். ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணின் கணக்கு நோட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். அத்தனை அழகான எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு டிக், தேதியோடு கையெழுத்து. 1/2 + 1/3 = 5/6 என்று சுத்தமாகப் போட்டிருந்தாள். எனக்கு ஏன் தோன்றியதோ, நோட்டை மூடிவிட்டு, "இதே கணக்கை இந்தப் பேப்பர்ல போடும்மா" என்றேன். மேலே இருந்த இரண்டையும் கூட்டினாள், கீழே இருந்த இரண்டையும் கூட்டினாள். 2/5.

எழுதி முடித்ததும் அவளுக்கே தெரிந்துவிட்டது. உள்ளங்கையை அந்தப் பேப்பர் மேல் வைத்து மூடிக்கொண்டாள். வகுப்பில் மற்ற பதினோரு பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "போர்டுல போட்டதப் பாத்து எழுதுனதுங்க, இன்னும் பிடிபடல" என்று டீச்சரும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அந்தக் கை கண்ணிலேயே நிற்கிறது. பள்ளி எப்படி என்று பார்க்கப் போனவள் ஒரு பிள்ளையை எல்லார் முன்னாலும் கூசவைத்துவிட்டு வந்திருக்கிறேன். பள்ளியைப் பற்றியும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. நீங்கள் எதை வைத்துப் பார்த்தீர்கள்?

அரசலாறு

படிக்கட்டு, கதவு, சமையல்கட்டு. நான் பார்ப்பது இந்த மூன்றும்தான். கும்பகோணத்துக்காரன், காரணம் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலை 16 அன்று நான் இதே ஊரில் வேறொரு பள்ளியில் ஏழாவது. ஏன் என்று சொல்லாமலே எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். தெரு முழுக்கப் பெண்கள் செருப்பில்லாமல் ஓடினார்கள். இன்னொரு பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடிக் கீற்றுக் கொட்டகைக்கு ஏறி 94 பிள்ளைகள் செத்துப்போனார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இந்த முறை மகனுக்காகப் பார்க்கப் போனது தை மாதம். கட்டடம் கான்கிரீட், சமையல்கூடம் தள்ளி இருக்கிறது, சரி. பின் கேட்டைத் திறந்து காட்டச் சொன்னேன். திறக்கவில்லை. வெளியே கதவை ஒட்டி நெல் குவித்துத் தார்ப்பாய் போர்த்தியிருந்தது. கொள்முதல் நிலையத்தில் முறை வராத நெல். "எல்லாம் நம்ம பிள்ளைங்களோட அப்பாக்கள்தான் சார், ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழ வரணும்னு காயப்போட்டிருக்காங்க, எங்க கொண்டுபோவாங்க" என்றார் ஹெச்.எம். எனக்கும் ஒன்றரை மா நிலம் இருக்கிறது. கோபப்பட வாய் வரவில்லை.

மறுநாள் விடியலில் நாலு பேராக நின்று குவியலைப் பத்தடி தள்ளிப் போட்டோம். கேட் முழுதாகத் திறந்ததைப் பார்த்த பிறகுதான் விண்ணப்பம் வாங்கினேன். அங்கே பின்னம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நான் கேட்கவே இல்லை, இப்போதுதான் உறைக்கிறது.

கோரையாறு

வெட்டாறு அக்கா, அந்தப் பெண் அன்று காலையில் சாப்பிட்டாளா என்று யாராவது கேட்டார்களா?

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது நம் திருக்குவளையில்தான், அதுவும் ஒரு ஒன்றிய நடுநிலைப் பள்ளியில். எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் அதில் பெருமை. ஆனால் திட்டம் ஒன்று முதல் ஐந்து வரைதான். தொடக்கப் பள்ளியில் இது தெரியாது. எட்டாவது வரை ஒரே வளாகத்தில் இருக்கிற நடுநிலைப் பள்ளியில் தினமும் கண்ணெதிரே தெரியும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் தங்கை பிள்ளைகளைக் கொண்டுபோய் விடப் போயிருந்தேன். எட்டேகால் மணி. ஒரு பெண், ஆறாவதோ ஏழாவதோ, தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து வரிசையில் உட்காரவைத்தாள். தட்டில் பொங்கல் விழுந்தது. அவன் வாயைத் துடைத்துவிட்டாள், சாம்பார் ஊற்றச் சொன்னாள், பிறகு தூணில் சாய்ந்து நின்றாள். அவன் ஒரு வாய் எடுத்து அவளிடம் நீட்டினான். "எனக்கு வேணாம், நீ சாப்புடு." அம்மாவும் அப்பாவும் நடவுக்கு ஐந்தரைக்கே போயிருப்பார்கள். அடுத்த சோறு மத்தியானம்தான்.

அப்போது பெரிய சார் சமையல்கட்டிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டோடு வந்தார். "பாப்பா, கொஞ்சம் மிச்சமிருக்கு, உப்பு சரியா இருக்கான்னு பாரு" என்று அவள் கையில் கொடுத்துவிட்டு நிற்காமல் நடந்தார். உப்பைப் பார்ப்பதற்கு அவ்வளவு பொங்கல் தேவையில்லை. அவள் வெட்கப்படாமல் சாப்பிட ஒரு வழி செய்து கொடுத்தார், அவ்வளவுதான்.

அந்தப் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸ் திரை வேலை செய்கிறதா என்று எனக்குத் தெரியாது. தங்கையிடம், பிள்ளைகளை இங்கேயே விடு, வேறு எங்கேயும் பார்க்காதே என்று சொல்லிவிட்டேன்.

சாக்பீஸ்

ஒன்றியப் பள்ளிகளில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கோரையாறு சொன்னதைப் படித்ததும் கண் கலங்கியது, ஆனால் அதோடு முழுக்க ஒத்துப்போக முடியாது. நல்ல மனசு இருக்கிற பள்ளியிலும் பிள்ளை கணக்குத் தெரியாமல் எட்டாவது முடிக்கும். எட்டு வரை யாரையும் நிறுத்திவைப்பதில்லை, அதனால் ஒன்பதாவதில் வேறு பள்ளிக்குப் போய் உட்காரும்போதுதான் குட்டு உடைகிறது. எனக்கு அப்படி ஒரு பையன். ஆறாவதில் வந்து சேர்ந்தான், நல்ல பையன், சுறுசுறுப்பு. ஒருநாள் மன்னார்குடி பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். "சார், இது எங்க போற பஸ்?" என்று கேட்டான். போர்டு எதிரிலேயே இருந்தது. எட்டு மாதமாக அவன் என் வகுப்பில் இருக்கிறான். எனக்குத் தெரியவில்லை.

வெட்டாறு, கேட்ட கேள்வி சரி, கேட்ட இடம்தான் தப்பு. கிராமத்துப் பிள்ளைகளுக்கு எவ்வளவு வாசிக்கவும் கணக்குப் போடவும் தெரிகிறது என்று பார்க்கிற ஏசர் (ASER) ஆய்வுக்கு வருகிறவர்கள் பிள்ளையின் வீட்டுக்கே போய் ஒவ்வொருவராகத்தான் கேட்பார்கள். எட்டாவது படிக்கிற பிள்ளைக்கும் இரண்டாம் வகுப்பு அளவுப் பாடத்தை வாசிக்கக் கொடுப்பார்கள், மூன்று இலக்க எண்ணை ஒற்றை இலக்கத்தால் வகுக்கச் சொல்வார்கள். அதற்கு மேல் போவதில்லை. நீங்களும் அப்படியே செய்யலாம். பள்ளிக்கூடத்தில் வேண்டாம், தெருவில் அந்தப் பள்ளியில் படிக்கிற நாலு பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, பாடப்புத்தகத்தில் இல்லாத எதையாவது வாசிக்கச் சொல்லுங்கள். ரேஷன் கடை அறிவிப்பாக இருந்தாலும் போதும்.

பள்ளியில் பார்க்க வேண்டியது வேறு. முதலில் ஆள் கணக்கு. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. ஆனால் நம் பக்கத்தில் பிள்ளைகளே குறைவு, இந்த விகிதத்தைப் பார்த்தால் எல்லாப் பள்ளியும் பிரமாதமாகத் தெரியும். கேட்க வேண்டியது கணக்கும் அறிவியலும், சமூக அறிவியல், மொழி, இந்த மூன்றுக்கும் தனித்தனிப் பட்டதாரி ஆசிரியர் இருக்கிறாரா என்பது. பதிவேட்டில் பெயர் இருக்கும், ஆள் மாற்றுப்பணியில் வேறு பள்ளியில் இருப்பார். "இன்னைக்கு வந்திருக்காரா?" என்றே கேளுங்கள். அப்புறம் எட்டாம் வகுப்பில் என்.எம்.எம்.எஸ். என்கிற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வுக்கு எத்தனை பேரை உட்காரவைத்தார்கள் என்று கேளுங்கள். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய் வரும். எத்தனை பேர் தேறினார்கள் என்பதைவிட, எத்தனை பேரை எழுதச் சொன்னார்கள் என்பதில்தான் ஆசிரியரின் நம்பிக்கை தெரியும். போன வருடம் எட்டு முடித்த பெண்கள் இப்போது எந்தப் பள்ளியில் ஒன்பதாவது என்று கேளுங்கள். பெயர் சொல்லி, ஊர் சொல்லி பதில் வந்தால் அது நல்ல பள்ளி. கழிப்பறையைக் காலையில் பார்க்காதீர்கள், மத்தியானம் மூன்று மணிக்குப் பாருங்கள், தண்ணீர் இருக்கிறதா, உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று. பெண் பிள்ளையை விடுகிறீர்கள், ஏழாவது எட்டாவதில் இந்தத் தாழ்ப்பாளுக்காகவே பள்ளிக்கு வராத நாட்கள் உண்டு. ஐப்பசி மழையில் போய்ப் பாருங்கள், எந்த வகுப்பு ஒழுகுகிறது, எந்த இரண்டு வகுப்பைச் சேர்த்து உட்காரவைக்கிறார்கள் என்று அப்போது தெரியும். நோட்டுத் திருத்தத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தப்பே இல்லாத நோட்டு நல்ல நோட்டு இல்லை. அடித்து எழுதியது, மறுபடி போட்டது, "இங்கே வா" என்று ஓரத்தில் எழுதியது, இதெல்லாம் இருந்தால்தான் யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

கீழத்தெரு

சாக்பீஸ் சார், மரியாதையோடுதான் சொல்கிறேன், நீங்கள் சொன்னதெல்லாம் வேறு பள்ளிக்குப் போக வழி இருக்கிறவர்களுக்கு. எங்கள் தெருவுக்கு இருந்தது ஒரே பள்ளி. காலை ஏழரைக்கு மஞ்சள் வேன் வந்து மேலத்தெருப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகும். நாங்கள் நடந்து போவோம். நான் ஆறாவது சேர்ந்தபோது வகுப்பில் 26 பேர், தம்பி சேரும்போது ஒன்பது பேர். பள்ளியில் எதுவும் கெட்டுவிடவில்லை. போனவர்கள் பார்த்துவிட்டுப் போகவில்லை, பார்க்காமலே போனார்கள்.

அம்மா பள்ளி மேலாண்மைக் குழுவில் தலைவர். குழுவில் முக்கால்வாசி பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும் என்பதால் வந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும் போடத் தெரியும், அதுவும் நான் சொல்லிக்கொடுத்தது. முதல் மூன்று கூட்டத்தில் நோட்டை நீட்டினார்கள், போட்டார். நாலாவது கூட்டத்துக்கு நானும் கூடப் போயிருந்தேன். களை பறித்துவிட்டு அப்படியே வந்திருந்தார், கால் சேறுகூடக் காயவில்லை. நோட்டை வாங்கினார், பேனாவைத் திறந்தார், போடவில்லை. "கணக்கு சாரு மூணு மாசமா வரலன்னு எம்புள்ள சொல்றான். அது இதுல எழுதியிருக்கா?" என்று கேட்டார்.

ஒருத்தரும் பேசவில்லை. எழுதவில்லை என்று கடைசியில் ஹெச்.எம்.தான் சொன்னார். "எழுதுங்க, அப்புறம் போடுறேன்." எழுதினார்கள். மாற்றுப்பணியை ரத்து செய்யக் கேட்டுத் தீர்மானம், வட்டாரக் கல்வி அலுவலருக்கு நகல். அதையே அக்டோபர் 2 கிராம சபையிலும் படிக்கவைத்தார். கணக்கு சார் திரும்பி வர மேலும் இரண்டு மாதம் ஆனது. வந்தார்.

வெட்டாறு அக்கா, நீங்கள் அந்தப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்தால் குழுவில் கேள்வி கேட்க ஒரு ஆள் கூடும். சேர்க்காமல் போனால் அந்த ஏழாவது பெண்ணுக்காகக் கேட்க யார் இருக்கிறார்கள்? கோபத்தில் எழுதவில்லை.

அரசலாறு

கீழத்தெரு சொன்னதில் பார்க்காமலே போனார்கள் என்பது உண்மை. என் அண்ணன் வீடே அப்படித்தான். வேன் வருகிறது, டை கட்டுகிறார்கள், முடிந்தது.

சாக்பீஸ்

ஒத்துக்கொள்கிறேன் தங்கச்சி. அம்மாவின் அந்தக் கேள்வியை 31 வருடத்தில் என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பஸ் போர்டு படிக்காத பையனை நான் முன்னாலேயே கண்டுபிடித்திருப்பேன்.

வெட்டாறு

எல்லாருக்கும் நன்றி. சேர்ப்பது என்று முடிவெடுத்துவிட்டோம். ஆனால் பழைய பள்ளியில் மூன்றாம் தவணை பாக்கி என்று சொல்லி டி.சி. தர மாட்டேன் என்கிறார்கள். இதற்கு என்ன செய்வது?

இன்னொன்று. அந்தப் பெண்ணின் வீடு பெருமாள் கோயில் பின்னால் என்று தெரிந்து நேற்று சாயங்காலம் போனேன். "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது, தப்பு என்மேல" என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. உள்ளே அவள் ஆயா அரிசி அளந்துகொண்டிருந்தார். "அரைப்படியும் கால்படியும் சேர்த்தா?" என்று சும்மா கேட்டேன். "முக்கால்படி." கேட்ட வேகத்தில் வந்தது. பேப்பரில் 1/2 + 1/4 என்று எழுதினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள், படியைப் பார்த்தாள், 3/4 என்று போட்டாள். சரி என்று 1/2 + 1/3 எழுதினேன். பென்சிலை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "மூணுல ஒண்ணுக்குப் படியே இல்லையே அத்தை" என்றாள்.

எனக்குப் பதில் தெரியவில்லை.

சாக்பீஸ்

டி.சி. பற்றிக் கவலை வேண்டாம். கேட்டதும் கொடுத்தாக வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்டம் ஐந்தாம் பிரிவில் இருக்கிறது. அது வரத் தாமதம் என்று சொல்லி இந்தப் பள்ளியும் சேர்க்கையை நிறுத்த முடியாது. திங்கட்கிழமையே போங்கள்.

அந்தப் பெண்ணிடம் ஆறு புளியங்கொட்டை எடுத்துக்கொண்டு போங்கள். ஆறில் பாதி எத்தனை, ஆறை மூன்று பங்காக வைத்தால் ஒரு பங்கு எத்தனை, அவளே எண்ணட்டும். நீங்கள் பேப்பரை எடுக்காதீர்கள்.